அம்மா வைத்த நேர்ச்சை மகளைக் கட்டுமா? (பதின்மூன்று செவ்வாய்ப் பாண்)

ஜம்பட்டாத்தெரு மகள் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை மட்டும் கேட்டால் "உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள் என்று தெரியும்.

நாங்கள் கொழும்பு, கொட்டாஞ்சேனை. ஞாயிறு பூசைக்கு லூசியாள் பேராலயம், செவ்வாய் நவநாளுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் இதுதான் வழக்கம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்றைக்கென்று தம்பி நண்பர்களோடு கொச்சிக்கடைக்குப் போய்விட்டான். காலை எட்டே முக்கால் போல சத்தம் கேட்டது. துறைமுகத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கோயிலில் குண்டு வெடித்துவிட்டது என்று தெருவில் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். தம்பியின் ஃபோன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கவும் இல்லை. வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா குசினியில் நின்றபடி, கையில் கரண்டியோடு, சத்தமாக நேர்ச்சை வைத்தார்: "பிள்ளையைத் திருப்பித் தா. வீட்டில் சீவன் இருக்கும் வரைக்கும் பதின்மூன்று செவ்வாயும் பதின்மூன்று வீட்டுக்குப் பாண் கொடுக்கிறேன்."

தம்பி பகல் இரண்டு மணிக்கு நடந்து வந்தான். சட்டை முழுக்க இரத்தம், அது அவனுடையது இல்லை. வலது காதில் இரைச்சல் இன்றைக்கும் இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

பதின்மூன்று செவ்வாய் என்பது ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு முந்தின செவ்வாய்கள். அந்த வருடம் எட்டுதான் மிச்சம் இருந்தது. அம்மா அந்த எட்டையும் கொடுத்துவிட்டு, மீதி ஐந்தைத் திருநாளுக்குப் பிறகு கொடுத்து முடித்தார். வழமையாகப் பாண் நேர்ச்சையைக் கோயில் வாசலிலேயே கொடுத்துவிடலாம். ஆனால் அப்போது கோயில் பூட்டிக் கிடந்தது, கடற்படையினர் உள்ளே திருத்த வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜூன் 12ஆம் தேதிதான் திரும்பத் திறந்தார்கள். அதனால் அம்மா பாணைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கோயில் திறந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2020இல் ஊரடங்கு. எங்கள் தெருவுக்குச் சூன்பாண் ஆட்டோ (பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற வண்டி) வருகிற நேரம் பார்த்து வாங்கி, கதவுக் கொளுக்கியில் தொங்கவிட்டு வந்தார். 2022இல் எரிவாயுவும் இல்லை, மாவும் இல்லை, பேக்கரி பாதி நாள் பூட்டு. விறகடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். புகையில் கண் இரண்டும் சிவந்து, "அந்தோனியாரே, பாண் என்றுதான் சொன்னேன், மன்னித்துக்கொள்ளும்" என்று ஒவ்வொரு ரொட்டியையும் புரட்டுவார்.

கடந்த நவம்பரில் அம்மா போய்விட்டார்.

அலுமாரியில் அம்மாவின் சீஆர் கொப்பி கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வருடம். இடப்பக்கம் பதின்மூன்று வீடு, வலப்பக்கம் பதின்மூன்று கட்டம், கொடுத்ததும் ஒரு சரி. வீட்டுக்குப் பெயர் போடவில்லை, குறிப்புதான். "4. சீனி வருத்தம், குரக்கன் பாண்." "7. நாய் கடிக்கும், கீழே நின்று கூப்பிடு." "9. கடன் கேட்பா, இல்லை என்று சொல்லு, பாணை மட்டும் கொடு." வாசித்துச் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. பதின்மூன்றாவது வரி எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதான்: "13. மேல்வீடு. திறக்கமாட்டா. வை."

அந்தக் கட்டங்களில் சரி கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வட்டம்.

அந்த மேல்வீட்டு அன்ரியும் அம்மாவும் செவ்வாய் நவநாளில் ஒரே வாங்கில் இருப்பவர்கள். அதே உயிர்த்த ஞாயிறு அன்று அவருடைய மகள் கோயிலுக்குப் போனாள், வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அன்ரி எங்களோடு பேசியதில்லை. சண்டையும் பிடித்ததில்லை. அம்மா கதவடியில் வைத்த பாணைச் சில நாள் காகம் கொத்தும், சில நாள் படி கூட்டுகிற பெண் எடுத்துப் போவாள்.

இப்போது மார்ச் நடுவில் முதல் செவ்வாய் வருகிறது. என் கேள்விகள்:

அம்மாவின் நேர்ச்சை எங்களைக் கட்டுமா? "வீட்டில் சீவன் இருக்கும் வரை" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தம்பி, "அம்மா தன் சீவனைத்தான் சொன்னார்" என்கிறான். அவனுக்கு இது முழுக்கவே பிடிக்காது. "நான் உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் பில் கட்டுகிறீர்கள்" என்று ஒருமுறை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அவன் இப்போது கோயிலுக்கும் வருவதில்லை.

அடுத்தது, அந்தப் பதின்மூன்றாவது கதவு. நான் அங்கே போகலாமா? என் தம்பி பிழைத்ததற்கு நன்றிப் பாணைக் கொண்டுபோய், பிள்ளையைப் பறிகொடுத்தவரின் வாசலில் வைப்பது சரியா? அம்மா எப்படித் துணிந்தார் என்றே எனக்கு விளங்கவில்லை.

---

முகத்துவாரம் மாஸ்டர்:

பிள்ளை, அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். முப்பது வருடத்துக்கு மேல் மறைக்கல்வி படிப்பித்தவன், அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நேர்ச்சை பற்றி 1191 முதல் 1198 வரை இருக்கிறது. 1193ஐப் பாருங்கள்: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். அம்மா "வீட்டில் சீவன் இருக்கும் வரை" என்று சொல்லியிருந்தாலும், உங்களுக்காக அவர் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே நீங்கள் விட்டால் பாவம் இல்லை. தம்பியும் பயப்படத் தேவையில்லை. அவர் பயப்படுகிற மாதிரித் தெரியவும் இல்லை.

ரொட்டி விஷயத்தில் அம்மா மன்னிப்புக் கேட்டிருக்கவே வேண்டாம். 1197இன்படி, நேர்ச்சை வைத்தவரே அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல ஒன்றாக மாற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2022இல் விறகடுப்பு ரொட்டி என்பது பாணைவிடப் பெரிய காணிக்கை என்று நானே தீர்ப்புச் சொல்வேன். குறைத்துக்கொள்வதென்றால்தான் பங்குத்தந்தையிடம் போக வேண்டும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. நேர்ச்சை கடவுளுக்குச் செய்வது. அந்தோனியார் பரிந்து பேசுகிறவர், கடன்காரர் அல்ல.

செவ்வாய் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதையும் எழுதிவைக்கிறேன். அந்தோனியார் 1231 ஜூன் 13ஆம் தேதி இத்தாலியில் பதுவைக்குப் பக்கத்தில் இறந்தார். அடக்கம் செய்தது அடுத்து வந்த செவ்வாய். பாண் காணிக்கை இன்றிருக்கிற வடிவத்தில் அவ்வளவு பழையது அல்ல. 1890இல் பிரான்சில் தூலோன் என்ற துறைமுக நகரில், கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் கடைப் பூட்டுத் திறக்கவில்லை. பூட்டை உடைக்கிறதுக்கு முன்னால், திறந்தால் ஏழைகளுக்குப் பாண் என்று அந்தோனியாருக்கு நேர்ந்தாள், திறந்தது. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

வீடு வீடாகப் போவதும் நமக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில் கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேவாஸ் முனிவர் பிச்சைக்காரர் வேடத்தில்தான் யாழ்ப்பாணத்தில் நடந்தார். பூசை இரவில், யாராவது ஒருவர் வீட்டில். 2015 ஜனவரி 14ஆம் தேதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினபோது நான் விடியற்காலை இரண்டு மணிக்கே போய்ப் பாய் விரித்தவன். கோயில் பூட்டியிருந்தபோது உங்கள் அம்மா பாணோடு தெருவில் இறங்கினது எனக்கு அந்த வழியில் வந்ததாகவே தெரிகிறது.

பதின்மூன்றாவது கதவுக்குச் சட்டத்தில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

---

வெள்ளவத்தைக்காரன்:

அக்கா, நான் சைவம். ஆனாலும் செவ்வாய் என்றால் 155ஆம் நம்பர் பஸ்ஸோ எதுவோ பிடித்து கொச்சிக்கடைக்கு வந்துவிடுவேன். அங்கே யாரும் நீ யார் என்று கேட்டதில்லை. பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்துகிறவர் புத்த சமயம், அதற்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு அம்மா.

எங்கள் பக்கத்தில் தாய் வைத்த நேர்த்தியைப் பிள்ளைதான் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் தூங்கவிட மாட்டார்கள். மாஸ்டர் சட்டத்தைக் காட்டி விடுதலை கொடுத்துவிட்டார், கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். :)

ஒரு நடைமுறை யோசனை: பாணைப் பின்னேரச் சூட்டில் வாங்குங்கள். காலையில் வாங்கிவைத்து வேலை முடிந்து வந்து கொடுத்தால் காய்ந்துவிடும், வாங்குகிறவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். முந்தின நாளே பேக்கரியில் பதின்மூன்று றாத்தல் (முழுப் பாண்) சொல்லி வையுங்கள். முடிந்தால் கூடவே ஒரு பை சீனிச்சம்பல். வெறும் பாண் கொடுத்தால் சம்பலுக்குத் தேங்காய் வாங்க வேண்டுமே, தேங்காய் விற்கிற விலைக்கு!

---

ஸ்காபரோ அன்ரி:

மகள், வாசித்து அழுதுவிட்டேன். நான் பிறந்தது ஆட்டுப்பட்டித்தெரு. பதின்மூன்று வாரப் பாண் செலவு முழுவதையும் நான் அனுப்புகிறேன், கணக்கு இலக்கத்தைத் தனிமடலில் போடுங்கள். அந்த மேல்வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாம், புண்ணை ஏன் கிளற வேண்டும்? பன்னிரண்டு வீட்டோடு நிறுத்திவிட்டு, பதின்மூன்றாவதைக் கோயில் வாசலில் இருக்கிறவர்களுக்குக் கொடுங்கள். அந்தோனியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

---

ஜம்பட்டாத்தெரு மகள்:

மாஸ்டர், நன்றி. 1193ஐத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் விடுதலை" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அப்போ நீ கொடுத்தால் அது உன் இஷ்டத்துக்குக் கொடுக்கிறது, எனக்காக இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்கே அப்போதுதான் விளங்கியது.

அன்ரி, உங்கள் மனதுக்கு நன்றி. காசு வேண்டாம், குறை நினைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மாதிரி கோயில் வாசலில் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அதுதான் சுலபம். ஆனால் கொப்பியைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வட்டங்கள்.

---

இளையவன்:

பதிவு செய்து ஒரு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா போய்விட்டார். உங்கள் மேல்வீட்டுக்காரர் நாங்கள் இல்லை, நாங்கள் வத்தளைப் பக்கம். ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

முதல் மாதம் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. பங்கில் இருந்து, பன்சலையில் (புத்த விகாரையில்) இருந்து, தெரியாத ஆட்களிடம் இருந்து சோற்றுப் பார்சல் வந்துகொண்டே இருந்தது. 31ஆம் நாள் நினைவு முடிந்ததும் நின்றுவிட்டது. அது இயல்புதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் கஷ்டம். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் தெரு மாறிப் போவார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை. பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது யாராவது "கடவுள் அருளால் நாங்கள் அன்றைக்குப் பிந்திப் போனோம், தப்பிவிட்டோம்" என்பார்கள். அம்மா கேட்டுக்கொண்டு நிற்பார். கடவுளின் அருள் எங்கள் வீட்டுப் பக்கம் ஏன் வரவில்லை என்று அவர்களிடம் யார் கேட்பது? அம்மா ஒரு வருடம் பூசைக்குப் போகவில்லை. இப்போது போகிறார், கடைசி வாங்கில் இருந்துவிட்டு, முடிகிறதுக்கு முதலே எழும்பி வந்துவிடுவார்.

வழக்கு, விசாரணை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நட்டஈடு எல்லாம் வந்தது. கோயிலில் கல்லில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் அக்காவின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அழுவார் என்று பயம். அம்மா அழுவார்தான். சொல்லாவிட்டாலும் அழுகிறாரே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நன்றிப் பாணை அந்த அன்ரியால் சாப்பிட முடியாது. என் அம்மாவாலும் முடியாது. அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இத்தனை வருடம் செவ்வாய்க்குச் செவ்வாய் கதவடியில் வந்த ஒன்று, இந்த வருடம் வராவிட்டால் அதையும் அவர் கவனிப்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான். யார் வந்தார்கள் என்பதை விட, யார் வராமல் விட்டார்கள் என்பது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

நான் என்றால் கதவைத் தட்டுவேன். நேர்ச்சை, நன்றி, அந்தோனியார் எதையும் பேச மாட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றி ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்வேன். சின்ன விஷயமாக இருந்தால் போதும். திறக்காவிட்டால் வந்துவிடுங்கள்.

---

முகத்துவாரம் மாஸ்டர்:

தம்பி, "கடவுள் அருளால் தப்பினோம்" என்று கோயில் வாசலில் நின்று சொன்னவர்களில் நானும் ஒருவன். வேறொரு பங்கில்தான், ஆனால் சொன்னேன். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் அக்காவின் பெயரைத் தனிமடலில் அனுப்பினால், வருகிற செவ்வாய்ப் பூசையில் கருத்தாக ஒப்புக்கொடுப்பேன். பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.

---

இளையவன்:

அனுப்பியிருக்கிறேன் ஐயா.

---

ஜம்பட்டாத்தெரு மகள்:

முதல் செவ்வாய் முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வெள்ளவத்தைத் தம்பி சொன்னபடி முந்தின நாளே சொல்லி வைத்து, பின்னேரம் எடுத்தேன். பதின்மூன்று றாத்தல் பாண் இரண்டு பையிலும் கொள்ளவில்லை. ஏழாம் வீட்டு நாய் செத்துப்போய்விட்டதாம், நான் அது தெரியாமல் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வீட்டில் கடன் கேட்டார்கள். இல்லை என்றேன். "உங்கள் அம்மாவும் இப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். குரக்கன் பாண் கிடைக்கவில்லை, நாலாம் வீட்டுக்குத் தவிட்டுப் பாண் கொடுத்தேன். 1197 என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன் மாஸ்டர்.

தம்பி வரமாட்டேன் என்றவன், கடைசியில் தொடர்மாடியின் அடிப்படி வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே ஏறவில்லை. "நீ போ, நான் இங்கே நிற்கிறேன்" என்றான்.

மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா தட்டாமல்தான் வைத்துவிட்டு வருவாராக்கும், தெரியவில்லை. ரொம்ப நேரம் சத்தமில்லை. திரும்பலாம் என்று பாணைக் குனிந்து வைக்கிற நேரம் சங்கிலி போட்டபடி கதவு நாலு விரல் திறந்தது. அன்ரி மெலிந்து போயிருந்தார்.

யோசித்து வைத்துக்கொண்டு போன ஒன்றும் வாயில் வரவில்லை. அவருடைய மகளின் பெயரைச் சொன்னேன். முதல் நன்மைக்கு ஆயத்தமாகிற வகுப்பில் அவள் எனக்குப் பக்கத்தில் இருப்பாள், மந்திரம் மறந்தால் என் மடியில் விரலால் எழுதிக் காட்டச் சொல்வாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்ரி என்னைப் பார்க்கவில்லை, கீழே இருந்த பாணைத்தான் பார்த்தார்.

"அம்மா போனதற்குப் பிறகும் கொண்டு வருகிறாயா?"

"ஓம் அன்ரி."

"இத்தனை வருஷமும் உன் அம்மா அச்சுப் பாண்தான் வைத்தா" என்றார். "பிள்ளை அச்சுப் பாண் தின்னமாட்டாள். அவளுக்கு றோஸ்ட் பாண்தான் வேணும். கருகின ஓரத்துக்கு அண்ணனோட சண்டை பிடிப்பாள்."

கதவு மூடிவிட்டது. பாணை எடுக்கவில்லை. நானும் எடுக்காமல் வந்துவிட்டேன். கீழே வந்து தம்பியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வெறும் பைகளை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடந்தான். ஆமர் வீதிச் சந்திக்கு வந்ததும், "றோஸ்ட் பாண் நம்ம பேக்கரியில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

ஐந்து மணிக்குத்தான் போறணையில் இருந்து எடுப்பார்களாம். அடுத்த செவ்வாய்க்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், ஓரம் நன்றாகக் கருகினதாக. கொப்பியில் புதுப் பக்கம் போட்டு, பதின்மூன்றாவது வரியை மட்டும் மாற்றி எழுதினேன்: "13. மேல்வீடு. தட்டு. றோஸ்ட் பாண்." முதல் கட்டத்தில் வட்டம்தான் போட்டேன்.